கட்டியங்காரன் கையில் கைபேசி



வாத்தியார் நினைவுப் பேருரைக்கு வழக்கமாக ஒரு பேராசிரியரையோ எழுத்தாளரையோ அழைப்பீர்கள். இந்த ஆண்டு இரவுப் பள்ளி நடத்துகிற எங்களை அழைத்திருக்கிறீர்கள். நாங்கள் ஆறு பேர். இரண்டு பேர் பள்ளி ஆசிரியர்கள், ஒருவர் செவிலியர், ஒருவர் பெயிண்டர், இரண்டு பேர் கல்லூரியில் படிக்கிறார்கள். ஆறு பேரும் உட்கார்ந்து எழுதிய உரை இது. மேடையில் ஒருவர் வாசித்தாலும் 'நாங்கள்' என்றுதான் வாசிப்போம். அச்சுக்குப் போகும்போது அதை 'நான்' என்று திருத்திவிட வேண்டாம் என்று மன்றத் தோழர்களிடம் முன்பே சொல்லிவிட்டோம்.

வாத்தியார் என்றால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட எங்களுக்கு இன்றைக்கும் வாய் வருவதில்லை. கூத்தில் அவருக்கு ராஜா வேஷம் கட்ட உடம்பும் குரலும் இருந்தன. ஆனாலும் கட்டியங்காரனாகத்தான் நிற்பார். கேட்டால், "ராஜாவுக்கு எவனோ எழுதிவெச்ச வசனம். கட்டியங்காரனுக்கு வாய் அவனோடது" என்பார். கதை நடுவில் ராஜாவை நிறுத்தி, "இரும் ஓய், நேத்து ரேஷன் கடையில இன்னா நடந்துது தெரியுமா?" என்று கேட்கிற உரிமை அந்த ஒரு வேஷத்துக்குத்தான் உண்டு. நாங்கள் இன்று பேசப்போவதும் அந்த நிறுத்தத்தைப் பற்றித்தான்.

கைபேசியும் இணையமும் கையில் இருக்கிற பிள்ளைகளுக்கு அங்கே எப்படி நடந்துகொள்வது, என்ன உரிமை இருக்கிறது, ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று சொல்லித்தருவதை 'டிஜிட்டல் குடியுரிமை' என்கிறார்கள். பெரிய சொல். ஊரிலேயே குடிமக்களாக நம்மை எண்ணுகிறார்களா என்பது முடியாத வழக்காக இருக்கும்போது இணையத்தில் என்ன குடியுரிமை என்று எங்களில் ஒருவர் முதல் நாளே கேட்டார். அவர் கேட்டது சரிதான். தண்ணீர்க் குழாயும் சுடுகாட்டுப் பாதையும் பிரிந்து கிடக்கிற ஊரில் வாட்ஸ்அப் குழு மட்டும் ஒன்றாக இருக்காது. எங்கள் ஊரில் ஊராட்சிச் செய்திக்கென்று இரண்டு குழுக்கள் உண்டு. ஒன்று ஊர்த்தெருவுக்கு. ஒன்று காலனிக்கு. தண்ணீர் எப்போது வரும் என்ற செய்தி அந்தக் குழுவில் முதலில் வரும், இங்கே பிறகு வரும்.

இது தொடங்கியது கொரோனா காலத்தில். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. கல்வித் தொலைக்காட்சி ஓடியது. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போனில் வகுப்பு நடந்தது. பிறகு அரசுப் பள்ளி ஆசிரியர்களும் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்தார்கள். காலனியில் ஆட்டை விற்று போன் வாங்கிய வீடு உண்டு, தோட்டை அடகு வைத்து வாங்கிய வீடும் உண்டு. ஒரு போன், நான்கு பிள்ளைகள், அதிலும் அப்பா வேலைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விடுவார். 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தபோது நாங்களும் அதில் சேர்ந்து மாலையில் பாடம் எடுத்தோம். பள்ளிகள் திறந்தன. பாடம் பள்ளிக்குத் திரும்பிப் போய்விட்டது. போன் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அந்தச் சமயத்தில் நகரத்திலிருந்து ஒரு குழுவினர் வந்து எங்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். நல்லவர்கள்தான். படம் போட்ட அட்டைகள் தந்தார்கள். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே. முன்பின் தெரியாதவரிடம் பேசாதே. ஏதாவது நடந்தால் நம்பிக்கையான பெரியவரிடம் சொல். இதை அப்படியே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். பிள்ளைகளும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒப்பித்து முடித்துவிட்டு, "அக்கா, எங்க வீட்டுப் போன் லாக்கு எங்க தெருவுக்கே தெரியும். அப்ப நாங்க எல்லாரும் தப்பு பண்றோமா?" என்று கேட்டாள்.

அன்று ராத்திரி அந்த அட்டைகளை வைத்துக்கொண்டு நாங்கள் நிறைய நேரம் பேசினோம். அட்டையில் இருந்த பிள்ளைக்குத் தனி அறை இருக்கிறது, மேசை இருக்கிறது, சொந்தமாக ஒரு கணினி இருக்கிறது. எங்கள் பிள்ளைக்குச் சித்தப்பாவின் போன் ஒரு மணி நேரம் கிடைக்கும். அட்டைப் பிள்ளைக்கு ஆபத்து வெளியூரிலிருந்து, முகம் தெரியாதவனிடமிருந்து வருகிறது. எங்கள் பெண்களுக்குப் படத்தை எடுத்து மிரட்டுகிறவன் பெரும்பாலும் தெரிந்தவன், ஒரே பேருந்தில் வருகிறவன், சில நேரம் சொந்தக்காரன். மூன்றாவது அட்டைதான் எல்லாவற்றிலும் மோசம். பெரியவரிடம் சொன்னால் என்ன ஆகும்? போனைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதோடு பள்ளிக்கூடமும் போகும். பதினாறு வயதில் கல்யாணம் பேசுவார்கள். இது தெரிந்துதான் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. 'சொல்' என்று நாம் அட்டை காட்டுகிறோம். சொன்ன பிறகு நடப்பதற்கு அட்டையில் படம் இல்லை.

நாங்கள் அட்டைகளை மூட்டை கட்டி வைத்தோம். ஆனால் கூத்துக்கு உடனே போய்விடவில்லை. எங்களைத் தள்ளியது ஒரு ஸ்டேட்டஸ்.

பதினோராம் வகுப்புப் படிக்கும் நம் பையன் ஒருவன் சினிமா வசனம் ஒன்றைப் பின்னணியில் போட்டு, தன் படத்தோடு ஸ்டேட்டஸ் வைத்தான். ஊர்த்தெருப் பையன், கூடப் படிக்கிறவன், சிரிக்கிற பொம்மை ஒன்றையும் சாதிப் பெயரைச் சேர்த்து ஒரு கெட்ட வார்த்தையையும் பதிலாக அனுப்பினான். அது அவர்கள் இரண்டு பேருக்குள் இருந்திருக்க வேண்டியது. நம் பையன் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டான். குழுவிலிருந்து இன்னொரு குழு. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்த பதில், எட்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் இருபது பைக்காக நின்றது. கல் வீச்சு. இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. காவல் நிலையம், சமாதானக் கூட்டம், கடைசியில் இரண்டு பக்கமும் வழக்கு. நம் பக்கத்தில் பெயர் சேர்க்கப்பட்ட ஒருவன் அன்றைக்கு அந்த இடத்திலேயே இல்லை. ஆனால் குழுவில் "வாங்கடா பாத்துக்கலாம்" என்று ஒரு வரி போட்டிருந்தான். காவலர் தேர்வில் எழுத்தும் உடல்தகுதியும் முடித்துவிட்டு அழைப்புக்குக் காத்திருந்தவன். வழக்கு நிலுவையில் இருக்கிறவனுக்கு முன்னடத்தைச் சரிபார்ப்பில் என்ன ஆகும் என்று இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இரண்டு சொல். அவனுடைய அம்மா இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

தென்மாவட்டத்தில் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை எல்லோரும் படித்தோம். உடன் படிக்கும் மாணவர்களே வீடு புகுந்து ஒரு தலித் மாணவரையும் தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பிறகு நீதியரசர் சந்துருவின் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிற்றைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றை வாசலில் அறுத்துவிடலாம். கைக்குள்ளே இருக்கிற கயிற்றை என்ன செய்வது என்பது எங்கள் கவலை.

இப்படித்தான் ஒருநாள் வாத்தியார் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். அப்போது அவருக்கு உடம்பு சரியில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பசங்களுக்கு நீங்க சொல்றத நிறுத்துங்க. அவங்கள சொல்ல வையுங்க. மொதல்ல கதை. கதை சரியா வந்தா கூத்து" என்றார். அவர் எங்களுக்குக் கொடுத்த கடைசிப் பாடம் அதுதான்.

கதை வட்டம் என்று அதற்குப் பெயர் வைத்தோம். பதினைந்து, இருபது பிள்ளைகள் வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் ஒரு வாக்கியம் சொன்னால், அடுத்தவர் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாக்கியம் சொல்ல வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று: 'நான்' வரக்கூடாது, நம் ஊரில் யாருடைய பெயரும் வரக்கூடாது. கதை ஒரு போனின் கதை. எழுதி வைத்திருந்ததிலிருந்து கொஞ்சம் வாசிக்கிறோம்.

"ஒரு ஊர்ல ஒரு போன் இருந்துச்சாம்."

"அதுக்கு ஒடம்பெல்லாம் கீறலாம். கண்ணாடி ஒடஞ்சிருக்குமாம்."

"அது பகல்ல அப்பாவோட செங்கல் சூளைக்குப் போவுமாம். ராத்திரி அக்காகிட்ட வந்துடுமாம்."

"அக்காவோட படம் அதுல எட்டு இருந்துச்சாம்."

"ஒருநாள் அண்ணன் அத ரிப்பேருக்குக் குடுத்தானாம்."

"கடைக்காரன் எட்டையும் பாத்தானாம்."

இந்த இடத்தில் வட்டம் நின்றுவிட்டது. அடுத்து இருந்த பெண் வாக்கியம் சொல்லவில்லை. அதற்கடுத்த பையன், "கடைக்காரன் நல்லவனாம், ஒண்ணும் பண்ணலையாம்" என்றான். நாலைந்து பெண்கள் ஒன்றாக, "அதெல்லாம் இல்ல" என்றார்கள். பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் படங்களை எடுத்துவிட வேண்டும், சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொண்டு கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்கு வந்த எந்த அட்டையிலும் இல்லை. பிள்ளைகள் கதையில் அது ஆறாவது வாக்கியத்தில் வந்துவிட்டது.

கதை நின்ற இடத்தில் கூத்து தொடங்கும். நின்ற காட்சியை நான்கு பேர் நடித்துக் காட்டுவார்கள். ஒருவர் கட்டியங்காரன். தலையில் துண்டு, கையில் அட்டையில் வெட்டிய பெரிய போன். அவர் கைதட்டினால் எல்லோரும் சிலையாக நிற்க வேண்டும். கட்டியங்காரன் பார்க்கிறவர்களிடம் கேட்பார்: "இப்ப இவ இன்னா பண்ணணும்? சொல்லாத, வந்து பண்ணு." சொன்னவர் எழுந்து வந்து அந்த வேஷத்தை வாங்கிக்கொண்டு நடிக்க வேண்டும்.

பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் இதையே முறையாகச் செய்தார் என்று நகரத் தோழர் ஒருவர் பிறகு சொன்னார். 'ஒடுக்கப்பட்டோர் அரங்கம்' என்று அவருடைய நூலே இருக்கிறது, 1974இல் வந்தது. பார்ப்பவரையும் நடிகராக்கி, ஒடுக்கப்பட்டவரின் இடத்தில் நிற்கவைத்து, கதையை மாற்றிப் பார்ப்பது அவருடைய முறை. நடுவில் நிறுத்துவதற்கு அவரும் ஓர் ஆளை வைத்திருக்கிறார், சீட்டுக்கட்டில் வரும் ஜோக்கரின் பெயரில். அவர் பெரிய மனிதர், அவரிடமிருந்து நிறையக் கற்றோம். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு ஜோக்கரை விளக்க வேண்டியிருந்தது. கட்டியங்காரனை விளக்க வேண்டியிருக்கவில்லை. தமிழில் தலித் அரங்கத்தைப் பேசும்போது கே.ஏ.குணசேகரனின் 'பலி ஆடுகள்' நாடகத்தையும் அவர் 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகப் போனதையும் இந்த மன்றம் பலமுறை பேசியிருக்கிறது. பறையும் பாட்டும் உடம்புமாக அவர் திறந்த வழியில்தான் நாங்களும் நடக்கிறோம்.

இனி எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லலாமா என்று எங்களுக்குள் இரண்டு கூட்டம் நடந்தது. சம்பந்தப்பட்ட பெண்ணிடம் கேட்டோம். ஊர், வயது எதுவும் இல்லாமல் சொல்லுங்கள் என்றாள்.

ஆரம்பத்தில், கதை வட்டத்தின் நிபந்தனை நாடகத்துக்கும் வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஒரு பெண்ணின் படத்தை வெட்டி ஒட்டி வேறு உடம்போடு சேர்த்து அனுப்புகிறார்கள் என்று ஒரு காட்சியை நாங்களே எழுதினோம். பாதிக்கப்பட்ட பெண் வேஷத்துக்கு நன்றாக நடிக்கிற ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தோம். ஒத்திகையில் அவள் அழுதாள். அருமையாக நடிக்கிறாள் என்று கைதட்டினோம். மூன்றாவது ஒத்திகைக்கு அவள் வரவில்லை. பள்ளிக்கும் போகவில்லை. அவளுடைய பாட்டிதான் வந்து சொன்னார். அந்தக் காட்சி அவளுக்கு ஏற்கெனவே நடந்திருந்தது. நாங்கள் அவள் வாயாலேயே அதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்திருந்தோம், கைதட்டோடு.

அதற்குப் பிறகு சில விதிகளை வைத்துக்கொண்டோம். பாதிக்கப்பட்டவர் வேஷத்தைப் பிள்ளைகள் யாரும் கட்டுவதில்லை. ஒரு தலையணைக்குச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார வைப்போம். நாற்காலிக்குப் பின்னால் நின்று யார் வேண்டுமானாலும் அதற்குக் குரல் கொடுக்கலாம், யாரும் கொடுக்காமலும் இருக்கலாம். படம் எடுத்தவன் வேஷத்தை எங்களில் ஒருவர்தான் கட்டுவோம், பையன்களுக்குக் கொடுப்பதில்லை. கொடுத்தால் அந்தப் பட்டம் தெருவில் ஒட்டிக்கொள்ளும். நாடகம் முடிந்ததும் செவிலியர் அக்கா வாசலில் தனியாக அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். சும்மா பூக்கட்டிக்கொண்டு. பேச வேண்டியவர்கள் பக்கத்தில் போய் உட்காரலாம். நான்கு பேர் உட்கார்ந்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்வதற்கில்லை.

அந்தப் பெண்ணின் விஷயத்தில் என்ன செய்தோம் என்பதைப் பயன்படும் என்பதால் சொல்கிறோம். எதையும் அழிக்கவில்லை. எந்த எண்ணிலிருந்து வந்தது, எந்தத் தேதி, எத்தனை மணி என்பது தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டோம், அதை வேறு யாருக்கும் அனுப்பவில்லை. 'பாருங்க அநியாயத்த' என்று நல்ல எண்ணத்தில் அனுப்பினாலும் அதுவும் பரப்புவதுதான். அவள் பதினெட்டு வயதுக்குக் கீழே என்பதால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் வரும் என்று வழக்கறிஞர் தோழர் சொன்னார். குழந்தைகள் உதவி எண் 1098. இணையக் குற்றத்துக்கு 1930. 1930 பணமோசடிக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகள் மீதான குற்றத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அந்தரங்கப் படமோ வெட்டி ஒட்டிய படமோ பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021இல் வந்த விதி சமூக ஊடக நிறுவனங்களுக்குச் சொன்னது. இவ்வளவும் இருந்தும் காவல் நிலையத்தில் எங்களிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் போனு?" அந்தக் கேள்விக்காகவே பிறகு ஒரு காட்சி போட்டோம். அதில் கட்டியங்காரன் அதிகாரியின் மேசைமேல் இருக்கும் போனை எடுத்துப் பார்த்து, "ஐயா, இது யாரோடது? உங்க பொண்ணு வாங்கிக் குடுத்ததா?" என்று கேட்பான். அம்மாக்கள் எழுந்து நின்று சிரித்தார்கள்.

வதந்தியைப் பற்றிய கூத்து இதைவிடச் சுலபமாக வந்தது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. வயதான அம்மா ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் படங்கள் ஓடிக்கொண்டிருந்த நேரம். அடித்தே கொன்றார்கள். இதே போன்ற கொலைகள் பல மாநிலங்களில் நடந்த பிறகு, அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய ஒலிப்பதிவு ஒன்று பரவி, கலவரமாகி, 144 போட்டார்கள். அந்த வாரத்திலேயே, தேர்தல் நாளன்று, அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் நம் வீடுகள் நொறுக்கப்பட்டன. எங்கோ இரண்டு பேர் பேசியது எங்கோ இருக்கிறவர் தலையில் விடிகிறது.

இந்தக் கூத்தில் செய்தியே ஒரு பாத்திரம். கோணிச்சாக்குப் போர்த்திய பையன். ஒவ்வொரு வீடாகப் போவான். ஒவ்வொரு வீட்டிலும் அவன்மேல் ஒரு துணியைச் சேர்த்துப் போர்த்துவார்கள். "ரெண்டு பேராம்", "இல்ல, ஆறு பேராம்", "வேன்ல வந்தாங்களாம்." கடைசி வீட்டுக்கு வரும்போது அவன் வாசலில் நுழைய முடியாத பூதமாகியிருப்பான். அப்போது கட்டியங்காரன் கைதட்டி மூன்று கேள்வி கேட்பான்: எந்த ஊரு? என்னைக்கு? யாரு கண்ணால பாத்தா? பதில் தெரியாத ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு துணியை உருவ வேண்டும். எல்லாம் உருவிய பின் உள்ளே மெலிந்த பையன் ஒருவன் நின்றுகொண்டு, "எனக்கே ஒண்ணும் தெரியாதுண்ணா" என்பான்.

இதை நடத்திய சில மாதத்தில், அண்ணலின் சிலையைச் சேதப்படுத்திவிட்டார்கள் என்று ஒரு படம் எங்கள் குழுவில் வந்தது. சாலை மறியல் என்று நாற்பது இளைஞர்கள் கிளம்பினார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் அண்ணன்களுக்கு நடுவே போய், "எந்த ஊருண்ணா? என்னைக்குண்ணா?" என்று கேட்டிருக்கிறான். ஒருவன் அவனை அறைந்துவிட்டான். இன்னொருவன் நின்று படத்தைத் தேடிப் பார்த்தான். பல ஆண்டுப் பழைய படம், வேறு மாநிலத்தது. அன்று மறியல் நடக்கவில்லை. சிலை உடைக்கப்படுவது பொய் என்று இந்த அவையில் யாரும் சொல்லிவிட மாட்டார்கள், நாங்களும் சொல்லவில்லை. அது அடிக்கடி நடக்கிற உண்மை என்பதால்தான் பொய்ப் படம் ஒன்று நம்மிடம் இவ்வளவு வேகமாக வேலை செய்கிறது. அறை வாங்கிய பையன் இங்கேதான் இருக்கிறான். அறைந்தவன் பிறகு அவனுக்கு பரோட்டா வாங்கிக் கொடுத்தான் என்று கேள்வி.

சட்டத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குள் நடந்த ஒரு வாதத்தையும் சொல்ல வேண்டும். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்குத் தெரியும். சாதியைச் சொல்லித் திட்டுவது குற்றமாக வேண்டுமானால் அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்கிறது அது. அப்படியானால் ஸ்டேட்டஸ் பொது இடமா? நீதிமன்றக் காட்சி ஒன்றில் இதை வழக்காகவே நடத்தினோம். ஒரு பக்கத்து வக்கீல், பத்தாம் வகுப்பு: "ஸ்டேட்டஸ் அவங்கவங்க வீட்டுத் திண்ணை மாதிரி. தெரிஞ்சவங்க மட்டும்தான் பாப்பாங்க." மறு பக்கத்து வக்கீல், ஒன்பதாம் வகுப்பு: "திண்ணையில நின்னு கத்துனா தெருவுக்குக் கேக்காதா?" நீதிபதிக்கு ஆறாம் வகுப்பு. அவர் தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

உண்மையில் இது உயர்நீதிமன்றம்வரை போன கேள்வி. பழங்குடிப் பெண் ஒருவரை இழிவுபடுத்தி யூடியூபில் வெளியான காணொளி பற்றிய வழக்கில் 2022இல் கேரள உயர்நீதிமன்றம், இணையத்தில் ஏற்றியதை ஒருவர் திறந்து பார்க்கிற ஒவ்வொரு முறையும் பாதிக்கப்பட்டவர் அங்கே இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்ற பொருளில் சொன்னது. நேரில் இல்லாதபோது பேசினேன் என்று தப்பிக்க முடியாது. அதே நேரம் 2024இல் உச்சநீதிமன்றம், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை அவமதித்துவிட்டதாலேயே இந்தச் சட்டம் வந்துவிடாது, சாதியின் காரணமாக இழிவுபடுத்தும் நோக்கம் இருக்க வேண்டும் என்று வேறொரு காணொளி வழக்கில் கூறியது. இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். "அப்ப ஸ்கிரீன்ஷாட்ட குழுவுல போடாம வக்கீல்கிட்ட குடுத்திருந்தா?" என்று ஒருவன் கேட்டான். அந்த ஸ்டேட்டஸ் ராத்திரியைத்தான் கேட்டான். கொடுத்திருந்தால் அது சாட்சியாக இருந்திருக்கும். குழுவில் போட்டதால் கல்லாக மாறியது.

நம் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் பையன்கள் போடும் ரீல்ஸ்களில் அருவாளும் பைக்கும் குறைவில்லை. அவர்கள் போடுகிறார்கள், நாங்களும் போடுகிறோம் என்கிறார்கள். நூறு ஆண்டு அவமானத்துக்குப் பிறகு ஒரு பையன் நெஞ்சை நிமிர்த்திப் படம் போடுவதைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அருவாளை வெட்டிவிட்டு அந்த நிமிர்ந்த நெஞ்சை மட்டும் வைத்துக்கொள்ள வழி உண்டா என்பதே எங்கள் தேடல். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். வசவுச் சொல்லை எடுத்துத் தலைப்பாக்கினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார், விலையையே பெயரில் போட்டு. அண்ணல் 1920 ஜனவரி 31இல் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிட 'கேசரி' மறுத்தது. யாருடைய தளத்தில் யார் பேசலாம் என்ற தகராறு கைபேசியோடு வந்தது இல்லை. இந்த மூன்று பத்திரிகைகளின் கதையையும் வட்டத்தில் சொன்னபோது, ரீல்ஸ் போடும் பையன் ஒருவன் கேட்டது: "அவங்களுக்கு எத்தனை பேரு ஃபாலோயர்?" சிரித்தோம். பிறகு அவனே தன் பாட்டி நடவுப்பாட்டுப் பாடுவதை எடுத்துப் போட்டான். அருவாள் படத்தைவிட அதற்குப் பார்வை குறைவு. அவன் அதை நீக்கவில்லை.

போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். காலனி சமுதாயக் கூடத்தில் போனின் கதையை முழுக் கூத்தாகப் போட்டோம். கடைசிக் காட்சியில், படம் வெளியான செய்தி வீட்டுக்கு வருகிறது. நாற்காலியில் சட்டை போட்ட தலையணை. அப்பா வேஷம் கட்டியவர் பெயிண்டர் தோழர். அவர் போனைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கக் கையை ஓங்கினார். கட்டியங்காரன் கைதட்டினான். "இந்த அப்பன் இப்ப இன்னா பண்ணணும்? சொல்லாத, வந்து பண்ணு."

அம்மாக்கள் இரண்டு பேர் வந்து நடித்துக் காட்டினார்கள். ஒருவர் அழுதார், ஒருவர் காவல் நிலையத்துக்குக் கிளம்பினார். ஆண்கள் பக்கத்திலிருந்து யாரும் எழவில்லை. கட்டியங்காரன் இன்னொரு முறை கேட்டான். கொஞ்ச நேரம் ஆயிற்று. பின்வரிசையில் சுவரோரம் நின்றிருந்த ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சூளையில் வேலை செய்கிறவர். எங்கள் நிகழ்ச்சிக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. பெயிண்டர் கையிலிருந்த போனை வாங்கினார். தலையணைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. போனைத் துண்டால் துடைத்தார், இரண்டு பக்கமும். அப்புறம் தலையணையிடம், "சாப்ட்டியாமா?" என்று கேட்டார்.

நாற்காலிக்குப் பின்னால் அதுவரை யாரும் போய் நிற்கவில்லை. இப்போது ஒரு பெண் எழுந்துபோய் நின்றாள். "இல்லப்பா" என்றாள்.

கட்டியங்காரனாக நின்றவன் வாத்தியாரின் பேரன். அடுத்துக் கைதட்ட வேண்டியவன், மறந்துவிட்டான்.

இதே கூத்தை ஊர்த்தெருவில், மாரியம்மன் கோயில் எதிரே இருக்கிற மந்தைவெளியில் போட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கூடப் படிக்கிற ஊர்த்தெருப் பிள்ளைகள் மூன்று பேர் தாங்களும் நடிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், வீட்டுக்குத் தெரியாமல். ஊராட்சியில் மனு கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. இன்னும் பதில் வரவில்லை. ஒத்திகை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை ஐந்து மணிக்கு நடக்கிறது. பறை இரண்டு குறைகிறது. மன்றத்தில் யாரிடமாவது இருந்தால் கொடுத்து உதவுங்கள். ஜெய்பீம்.